அடியோரத்துக் கசடு

பட்டறையில் எனக்குச் சுத்தியம்மா என்று பெயர். கையில் எப்போதும் சுத்தியல் இருப்பதால் வைத்தது. வாயிலும் ஒன்று வைத்திருக்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும், பொய்யொன்றும் சொல்லவில்லையே.

இரண்டு விரல், மூன்று விரல் தடிமனான இரும்புத் தகட்டை லேசரால் வெட்டுகிற பட்டறை எங்களுடையது. மண் அள்ளும் இயந்திரங்களின் கைகளுக்கும் பற்களுக்கும் வேண்டிய துண்டுகள் இங்கிருந்துதான் போகின்றன. லேசர் என்றதும் சினிமாவில் வருகிற சிவப்புக் கோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். வெட்டுகிற ஒளி கண்ணுக்கே தெரியாது. அது இரும்பைத் தொட்ட இடத்தில் சீறிக் கிளம்புகிற பொறி மட்டும்தான் தெரியும். தகட்டுக்கு மேலே விரல் நீளத்தில் ஒரு செம்பு மூக்கு ஊர்ந்து போகும். அதன் வழியாக ஒளியும் ஆக்ஸிஜனும் சேர்ந்து இறங்கும். ஒன்று உருக்கும், மற்றொன்று உருகினதை எரித்துக் கீழே தள்ளும். எல்லாம் சரியாக அமைந்தால் உருகின இரும்பு முழுக்கக் கொட்டிப்போய், வெட்டின இடம் வழவழவென்று நிற்கும். கொஞ்சம் பிசகினால், போக மனசில்லாததுபோல அது துண்டின் அடியோரத்தில் தொங்கி அப்படியே உறைந்துவிடும், மெழுகுவர்த்தியின் ஓரத்தில் வடிந்து நிற்கிற மாதிரி. அதைத்தான் கசடு என்கிறோம். உளி வைத்து அதைத் தட்டி எடுத்து, கிரைண்டரில் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து அனுப்புவது என் வேலை. கசடு தட்டுகிற மேஜையில் நானும், ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவனும் இருந்தோம். ரேடியோவுக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது.

இயந்திரத்தை ஓட்டுவது என் மருமகள்.

மருமகள் என்றால் மகன் எங்கே என்று கேட்பீர்கள். அவன் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. காலையில் தலைவலி என்று படுத்தான், சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்று சொன்னார்கள். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆயிற்று, மூன்று வருடமாகிறது.

அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். வந்தவர்களெல்லாம் போனபிறகு பார்த்தால், அவள் சமையலறையில் என் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுடுகாட்டு மண் ஒட்டியிருந்த செருப்பு. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை, இருக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. டிப்ளமோ படித்த பெண் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணச் சகிக்காமல், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சூப்பர்வைசர் முன்னால் நிறுத்தினேன். ஒரே வருடத்தில் இயந்திரத்தை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒன்றாகப் போவோம், ஒரே டப்பாவில் சாப்பிடுவோம், ஒன்றாகத் திரும்புவோம். அவள் வாயில்லாப் பூச்சி. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது இயந்திரம் வந்தது. பழையதைவிட மூன்று மடங்கு சக்தி. பொருத்தின அன்றைக்கு வந்த கம்பெனிக்காரர்கள் மூன்று விரல் தகடு ஒன்றை வெட்டிக் காட்டினார்கள். செம்பு மூக்கு ஓரிடத்தில் நின்றது, பொறி குடைபோல விரிந்தது, துளை விழுந்தது, பிறகு சரசரவென்று ஓடியது. வெட்டின துண்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்கள். அடியோரத்தைத் தடவிப் பார்த்தேன். தட்டி எடுக்க ஒரு துளிக் கசடு இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் சுத்தியலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். "மூணு மாசம் பாக்கலாம்மா. துண்டெல்லாம் இதே மாதிரி சுத்தமா வந்துதுன்னா இந்த மேஜை தேவைப்படாது. ரேடியோவை போர்க்லிஃப்ட் வண்டிக்கு மாத்திடலாம். உங்களுக்குத்தான் என்ன பண்றதுன்னு யோசிக்கறேன்."

"யோசிச்சு ஏன் மண்டையை உடைச்சுக்கறீங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அவ வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மருமகளிடமும் அதையே சொன்னேன். "எனக்கு வேலை இருக்கற வரைக்கும்தான் இங்க. அப்புறம் பெரியவ வீட்டுக்குப் போயிடுவேன். சும்மா உக்காந்து உன் கையால வாங்கித் தின்ன மாட்டேன். நான் அப்படி வளரல." பெரியவள் என் மகள். வேறு ஊரில் இருக்கிறாள். வாரம் தவறாமல் ஃபோன் பண்ணி எப்போது வருகிறாய் என்று நச்சரிப்பவள். மருமகள் சொம்பை எடுத்தாள். என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள், அது நிறைந்து மேஜைமேல் வழிகிறவரை ஊற்றினாள்.

உண்மையைச் சொன்னால், என் வீறாப்புக்குக் காரணம் வேறு. நடுவில் இருந்தவன் போய்விட்டான். அவன் இல்லாமல் இவள் எனக்கு யார், நான் இவளுக்கு யார்? சம்பாதிக்கிறவரை ஒரே வீட்டில் இரண்டு பேர் என்று இருந்துவிடலாம். சம்பாத்தியம் நின்றால் எந்த உரிமையில் அவள் தட்டில் கை வைப்பது? இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல முடியாததையெல்லாம் நான் அதட்டலாக மாற்றிவிடுவேன், அது என் சுபாவம்.

ஆனால் நடந்தது வேறு. கம்பெனிக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன மறுநாளே கசடு வந்துவிட்டது. லேசாகத்தான், ஆனால் எல்லாத் துண்டிலும். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, இவ்வளவு பெரிய மிஷினுக்கும் மூக்கு ஒழுகுது" என்று ரேடியோவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சூப்பர்வைசர் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். அவர்கள் ஏதேதோ எண்களைச் சொன்னார்கள். அவற்றைப் போட்டால் அரை நாள் சுத்தமாக வரும், பிறகு பழையபடி கசடு. நாங்கள் தட்டினோம், தேய்த்தோம். வேலை முன்பைவிடக் கூடியது என்றே சொல்லலாம். புதுக் கசடு பழையதைப் போல இல்லை, உளியைத் திருப்பியடிக்கும். சாயங்காலமானால் என் மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடக்கும். மருமகள் எண்ணெயைச் சுட வைத்து வந்து, என் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, கட்டைவிரலால் மெதுவாக நீவிவிடுவாள். அந்த நேரத்தில் மட்டும் என் வாய் மூடிக்கொள்ளும்.

மூன்று மாதக் கெடு முடிகிற சமயத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. பிடுங்கிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். திரும்பி வந்தபோது ரேடியோ என்னைப் பார்த்ததும் ஒலிபரப்பைத் தொடங்கினான்.

"அம்மா, நீங்க இல்லாத ரெண்டு நாளும் எனக்கு ஈ ஓட்டற வேலைதான். துண்டு ஒவ்வொண்ணும் கண்ணாடி. கசடுன்னு ஒரு பொட்டு இல்ல. இன்னைக்கு நீங்க வந்தீங்க, காலைலயே பாருங்க, ஆரம்பிச்சுடுச்சு. மிஷினுக்கும் உங்களைப் பாத்தா பயம் போல."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தேன். முன்பொரு தடவை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக லீவு போட்டேனே, அன்றும் சுத்தமாக வந்ததாக இவன் சொல்லியிருக்கிறான். நான்தான் காதில் வாங்கவில்லை. இயந்திரத்துக்கு என்னைத் தெரியாது. அதை ஓட்டுகிறவளுக்குத் தெரியும்.

ஒளிக்கும் ஒரு கூர் உண்டு. அந்தக் கூர் தகட்டுக்குள் எந்த ஆழத்தில் விழவேண்டும் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. திரையில் அதை ஒரு மயிரிழை மாற்றினால் போதும், வெட்டு வெட்டாகவே இருக்கும், அடியில் கசடு தொங்கும். வேண்டுமென்றே செய்தால் யாருக்கும் தெரியாது. இவள் வேண்டுமென்றே செய்கிறாள். நான் மேஜையில் இருக்கும் நாளில் மட்டும் செய்கிறாள்.

ஏன்? மாமியாருக்கு இதைவிட எளிதான கணக்கு உண்டா? அடித்து விரட்ட முடியாது, பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள். கையை ஒடித்துவிட்டால் கிழவி தானாகவே பெட்டியைக் கட்டுவாள். பூச்சிக்கு வாய்தான் இல்லை, கொடுக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதில் என்னைச் சுட்டது வேறொன்று. பகலில் கையை உடைக்கிறாள், சாயங்காலம் எண்ணெய் தேய்க்கிறாள்.

அன்று சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவளிடம், "வேண்டாம், எனக்குக் கையொண்ணும் வலிக்கல" என்றேன். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் எதிரிலேயே மகளுக்கு ஃபோன் போட்டேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை வரேன். ஆமா, ஒரேயடியாத்தான். எனக்கு ஒரு மூலையை ஒழிச்சு வை."

மருமகள் சமையலறைக்குள் போனாள். கிண்ணம் கீழே விழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. தரையில் துணி போட்டுத் துடைக்கிற சத்தம் நெடுநேரம் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் பட்டறையில் வந்த கசடைப் போல நான் பார்த்ததில்லை. ஓரம் முழுக்கக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. உளி வழுக்கி என் கையுறையைக் கிழித்தது. "என்னம்மா இது, மிஷினுக்கு வயித்தால போகுதா" என்றான் ரேடியோ. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். கடைவாயில் பல் இல்லாத இடமும் சேர்ந்து வலித்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் டமார் என்று ஒரு சத்தம், கூடவே அலாரம். இயந்திரம் நின்றுவிட்டது. வெட்டுப்பட்ட துண்டு அடியில் இருக்கும் பட்டைகளின்மேல் சமமாக உட்காரவேண்டும். ஒரு பக்கம் கசடு பட்டையோடு ஒட்டிப் பிடித்து இழுத்தால், மறுபக்கம் தலையைத் தூக்கும். தூக்கின துண்டில், அந்த வழியாக வேகமாய் வந்த செம்பு மூக்கு இடித்துவிட்டது. மூக்கு நசுங்கி, அதற்கு மேலேயிருந்த பீங்கான் வளையம் உடைந்துபோனது. இன்னும் கொஞ்சம் வேகமாக இடித்திருந்தால் தலைப்பாகமே போயிருக்கும் என்றார்கள்.

சூப்பர்வைசர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாளன்னைக்குக் கம்பெனிலேர்ந்து இன்ஜினியர் வரார்மா. மிஷின்ல குறை இருந்தா அவங்க பாத்துப்பாங்க. குறை மிஷின்ல இல்லேன்னா, உன்னை இதுல உக்கார வைக்க முடியாது. புரியுதா?" என்று மருமகளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

எனக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். நல்லா வேணும் என்றாள் ஒருத்தி. அடிப்பாவி, வேலையே போய்விடுமே, நாம் போனபிறகு இவள் எதை வைத்துப் பிழைப்பாள் என்றாள் மற்றவள். சாப்பாட்டு நேரத்தில் அவளோடு உட்காரப் பிடிக்காமல், அடுக்கி வைத்திருந்த தகடுகளுக்குப் பின்னால் போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். மூக்கை மாற்றி, வளையத்தை மாற்றி, மறுபடி இயந்திரத்தை ஓட விட்டபோதும் நான் அங்கேயே இருந்தேன். தகடுகளுக்கு இடையே இருந்த சந்தில் அவள் இயந்திரத்தை ஓட்டும் கூண்டு தெரிந்தது. பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் முதலில் திரையைப் பார்க்கவில்லை. என் மேஜையைத்தான் பார்த்தாள். முக்காலி காலியாக இருந்தது. எழுந்து நின்று வாசலைப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்து அத்தை எங்கே என்று கையால் கேட்டாள். அந்தப் புண்ணியவான், என்னைத் தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டு, போய்விட்டாள் என்று வாசலைக் காட்டிக் கையை விரித்தான்.

அவள் உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினாள். பொறி கிளம்பி, செம்பு மூக்கு ஓடத் தொடங்கியது. நின்று கிளம்பினதில் எண் தானாகச் சரியான இடத்துக்குத் திரும்பியிருந்தது, திரையில் எதையும் அவள் தொடவில்லை. துண்டு ஒவ்வொன்றாக விழுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது, சுத்தமான வெட்டு. ஒட்டாமல், இழுக்காமல், கணீரென்று விழுந்தது. அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கையுறையின் புறங்கையால் தன் மூக்கைத் துடைத்தாள், பிறகு கண்ணை. மறுபடியும் கண்ணை. என் மகன் போன அன்றுகூட மற்றவர்கள் எதிரில் அழாதவள்.

விரட்டுகிறவள் எதற்கு அழவேண்டும்?

எழுந்து மேஜைக்கு நடந்தேன். முக்காலியில் போய் உட்கார்ந்து சுத்தியலை எடுத்தேன். கண்ணாடிக்குள் அவள் தலை நிமிர்ந்தது. என்னைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்ததே, அதை எழுத எனக்கு வராது. கண்ணீரோடேயே சிரித்தாள். கை தானாகத் திரைக்குப் போனது. நசுங்கின மூக்கு இன்னும் அவள் காலடியில்தான் கிடந்தது, தலைக்கு மேலே இன்ஜினியர் கத்திபோலத் தொங்குகிறார், இந்தப் பைத்தியக்காரி என்னைப் பார்த்த சந்தோஷத்தில் எண்ணைத் திருப்புகிறாள். அடுத்த துண்டு கசடோடு வந்தது.

அந்தக் கசடை நான் தட்டவில்லை. விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கை அடியிலிருந்து மேலாகப் போட்டுப் பார்த்தபோது வேறு விடை வந்தது.

ஷிப்ட் முடிந்து கை கழுவுகிற இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நீளமான தொட்டி, வரிசையாகக் குழாய்கள், கிரீஸ் போக்குகிற சோப்புத்தூள். அவள் நாலு குழாய் தள்ளி நின்றாள். நான் அவள் பக்கத்துக் குழாய்க்குப் போனேன்.

"எதுக்கு அந்த நம்பரைத் திருப்பற?" என்றேன்.

அவள் கை நின்றது. நுரை மட்டும் வழிந்தது.

"மறைக்காத. அந்தத் தகடுங்களுக்குப் பின்னாலேர்ந்து பாத்துட்டுதான் இருந்தேன்."

"தப்புதான் அத்தை."

"தப்பா இல்லையான்னு நான் கேக்கல. ஏன்னு கேக்கறேன். என் கையைப் பாத்தியா? தினம் நீதானே எண்ணெய் தேய்க்கற?"

"பாத்தேன்."

"பாத்துமா?"

அவள் குழாயை மூடினாள். இரண்டு தடவை மூடினாள், அது ஏற்கெனவே மூடியிருந்தது. "கை வலிச்சா நீவி விடலாம். சரியாப் போயிடும். நீங்க போயிட்டா நான் என்ன பண்றது? கசடு இருந்தா வேலை இருக்கும். வேலை இருந்தா நீங்க இருப்பீங்க. நீங்கதானே சொன்னீங்க." மூன்று வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"இருங்க அத்தைன்னு வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே?"

"எந்த உரிமையில கேக்கறது? அவர் இருந்தா கேட்டிருப்பேன்" என்றாள்.

என் வாய் அடைத்துப்போனது. எனக்கு, வாய் அடைத்துப்போனது. நான் என் நெஞ்சுக்குள் புதைத்து வைத்திருந்த சொல்லை அவள் எப்படி எடுத்தாள்? ஒரே வீட்டில், ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாக மூன்று வருடம் சுமந்திருக்கிறோம். கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் என் சுபாவம் இருக்கிறதே.

"அறிவிருக்கா உனக்கு? துண்டு எகிறி உன் மேல விழுந்திருந்தா? மிஷின் தலை போயிருந்தா யார் பதில் சொல்றது? நாளைலேர்ந்து ஒழுங்கா வெட்டு. அந்த நம்பரை நீ தொட்டேன்னு தெரிஞ்சா கையை ஒடைச்சிடுவேன்" என்றேன்.

"அப்ப நீங்க?"

"என்னை விடு" என்றேன். கவலைப்படாதே என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள் என்பது அவள் தலை குனிந்ததிலேயே தெரிந்தது. திருத்தியிருக்கலாம். வீடு வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் நடந்தோம், திருத்தவில்லை.

இன்ஜினியர் வந்தார், சின்ன வயசு, நல்ல பையன். அவர் நின்றுகொண்டிருக்க, மருமகள் இரண்டு விரல் தகடும் மூன்று விரல் தகடும் வெட்டிக் காட்டினாள். அடியோரம் கண்ணாடி. மிஷினில் குறையில்லை, அதற்குக் கை பழக நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். சூப்பர்வைசர் அவளை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனுஷனுக்கு என்ன புரிந்ததோ, எதுவும் கேட்கவில்லை. நானே அவரிடம் போய் மேஜையை எடுத்துவிடுங்கள் என்றேன். ரேடியோ பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஹார்ன் அடித்தபடி பட்டறையைச் சுற்றினான். அவனுக்கு ஏற்ற வாகனம்தான்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அவள் மட்டும் வேலைக்குப் போனாள். கிளம்பும்போது வாசலில் நின்று எதையோ சொல்ல வந்தாள். நானாவது முதலில் சொல்லியிருக்கலாம். குடையை எடுத்துக்கோ என்றேன். எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்தேன். நாலு புடவை மடித்து வைத்தேன், மகன் கல்யாணப் படத்தையும் வைத்தேன். படத்தில் அவனுக்குப் பக்கத்தில் அவள், அவளுக்குப் பக்கத்தில் நான். அவனைக் கையால் மறைத்துப் பார்த்தேன். மறைத்தாலும் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். என்ன மடத்தனம் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மகளுக்கு ஃபோன் பண்ணினேன். "நான் வரல."

"ஏம்மா? மூலையெல்லாம் ஒழிச்சு வெச்சுட்டேனே."

"அதுல ஏதாவது பழைய சாமானைப் போட்டு வை. எனக்கு இங்க ஒரு பொண்ணு இருக்கா."

"அப்ப நான் யாரு?" என்றாள். அதற்கு அரை மணி நேரம் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. கடைசியில் அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவளை நல்லாப் பாத்துக்கோம்மா" என்றாள்.

"நான் எங்க பாத்துக்கறது. அவதான் என்னைப் பாத்துக்கப் போறா" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. பழகவேண்டும்.

பையிலிருந்ததையெல்லாம் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். அதன்பிறகு அன்று நான் ஒரு வேலையும் செய்யவில்லை. வேண்டுமென்றேதான். பாத்திரம் கழுவவில்லை, துணி மடிக்கவில்லை, அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. மேஜை முன்னால் நாற்காலியைப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று விரல் தகட்டின் கசடை நாள் முழுக்கத் தட்டியிருக்கிறேன், இந்த மாதிரிக் களைத்ததில்லை. பத்துத் தடவையாவது எழுந்து துடைப்பத்தை எடுத்து, மறுபடி வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவள் காலடிச் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. நெடுநேரம் திறக்கவில்லை. உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கதவு திறந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பழையபடி மடங்கிக் கிடந்த வெறும் பையைப் பார்த்தாள். குளிர்ந்த அடுப்பையும் கழுவாத பாத்திரங்களையும் பார்த்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உடம்பு சரியில்லையா அத்தை? சமைக்கலையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சமைக்கல. பசிக்குது" என்றேன்.

அவள் ஓடினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். அடுப்பு பற்றியது, பாத்திரம் உருண்டது, தண்ணீர் கொதித்தது. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. கூடமாட ஒத்தாசை செய்ய எழுந்த கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோறும், ஏதோ அவசரத்துக்கு வதக்கின காயும். அவள் உட்காரவில்லை, கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இன்றைக்கு நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நான் கை வைக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காயில் உப்பு இல்லை. அதைப் பற்றி அன்று நான் பேசவில்லை. கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.